ரீச்சரின் பெயரில் ஒரு புலமைப்பரிசில்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் எனக்கு எழுதிய கேள்வியின் சுருக்கம் இது. அவருடைய துணைவியார் 32 ஆண்டுகள் கணித ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கடந்த ஆண்டு காலமாகிவிட்டார். முதலாம் ஆண்டுத் திவசம் நெருங்குகின்ற வேளையில், அவர் பெயரில் ஒரு புலமைப்பரிசில் ஏற்படுத்த வேண்டும் என்று கணவர் விரும்புகிறார். கையில் பத்து இலட்சம் ரூபா இருக்கிறது. மனைவியின் சேவையின் பேரில் தபுதாரர் (மனைவியை இழந்தவர்) ஓய்வூதியமும் மாதந்தோறும் கிடைக்கிறது. மகள் ரொறன்ரோவிலும் மகன் இலண்டனிலும் இருக்கிறார்கள். அவர்களும் சேர்ந்துகொள்ள ஆவலாக இருக்கிறார்கள். க.பொ.த. உயர்தரத்தில் கணிதத்தில் முதலிடம் பெறுபவருக்குத் தங்கப்பதக்கம் வழங்கலாம் என்று பழைய மாணவர் சங்கத்தினர் சொல்கிறார்கள். எதைச் செய்வது, எவ்வாறு செய்தால் தமக்குப் பின்னரும் அது நிலைத்திருக்கும் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் முடிவில், கேள்வியோடு தொடர்பில்லாததுபோல ஒரு செய்தியையும் சேர்த்திருக்கிறார். அலுமாரியைத் துப்புரவாக்கியபோது துணைவியாரின் சேலைகளுக்கு அடியில் ஒரு கொப்பி கிடைத்ததாம். அதில் பிள்ளைகளின் பெயர்களும், எதிரே தொகைகளும், அவற்றுக்கு எதிரே ‘சப்பாத்து’, ‘தவணைச் சோதனைக் காசு’, ‘கண்ணாடி’, ‘பஸ்’ என்ற ஓரிரு சொற்களும் எழுதப்பட்டிருந்தனவாம். இத்தனை ஆண்டுகளாக இப்படி ஒன்று நடந்தது தமக்குத் தெரியவே தெரியாது என்று எழுதியிருக்கிறார்.

ஐயா, உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்தக் கொப்பியிலேயே இருக்கிறது. யாருக்குக் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டும், எப்படி வெளியே தெரியாமல் கொடுக்க வேண்டும் என்ற மூன்றையும் ரீச்சர் தம் கையால் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலை நினைவு நிதிகளின் கணக்குகளைப் பார்த்து வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நினைவு நிதி தொடங்கும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய ஆவணம் கிடைப்பதில்லை. அவர்கள் காலமானவருக்கு எது பிடித்திருக்கும் என்று ஊகித்தே விதிகளை எழுதுகிறார்கள். உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. அந்தக் கொப்பியை நாலைந்து தடவை ஆறுதலாக வாசியுங்கள். எந்தத் தரத்துப் பிள்ளைகளின் பெயர்கள் அதிகம் வருகின்றன, ஆண்டின் எந்த மாதங்களில் செலவு கூடுகிறது, ஒரே பெயர் எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து வருகிறது என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் நிதியத்தின் முதல் வரைவு.

தங்கப்பதக்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பதக்கம் வழங்குவது மதிப்புக்குரிய மரபு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் ஒரு துறையின் முதன்மை மாணவருக்கு நினைவுப் பதக்கம் அணிவிக்கப்படும்போது, அந்தப் பெயருக்கு உரியவரின் குடும்பம் அடையும் நிறைவை நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் உயர்தரத்தில் கணிதத்தில் முதலாவதாக வரும் பிள்ளைக்குப் பாடசாலையும் சங்கமும் ரியூசன் நிலையமும் பரிசு வழங்கும். சில ஆண்டுகளில் பத்திரிகையில் படமும் வரும். உங்கள் பதக்கம் அந்த வரிசையில் ஆறாவதோ ஏழாவதோ ஆகலாம். ரீச்சரின் கொப்பியில் ‘முதலாம் பிள்ளை’ என்ற குறிப்பு எங்கேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது என்றே நினைக்கிறேன். சங்கத்தினர் மனம் நோகாதபடி, பரிசளிப்பு விழாவில் கணிதத்துக்கு ஒரு நூற்பரிசு வழங்குவதாகச் சொல்லிவிட்டு, பெருந்தொகையை வேறு வழியில் செலவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

எந்த வழி என்பதற்கு, இன்றைய பிள்ளைக்கு எது கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை என்று பார்க்க வேண்டும். 1945 இல் இலவசக் கல்வி வந்த பின்னர் அரசாங்கப் பாடசாலையில் படிப்பதற்குக் கட்டணம் இல்லை. 1980 முதல் பாடநூல்களும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைக்கின்றன. பல்கலைக்கழகம் சென்றுவிட்டால் 1981 இல் சட்டத்தின் மூலம் ஏற்படுத்தப்பட்ட, மாணவருக்கு உதவித்தொகை வழங்கும் மகாபொல நிதியம் இருக்கிறது. ஆகவே பிள்ளை படிப்பை விடுவதற்குக் காரணம் பாடசாலைக் கட்டணமாக இருப்பதில்லை. காலைச் சாப்பாடு இல்லாமல் வருவது, சப்பாத்துக் கிழிந்துபோனதால் ஒரு கிழமை வராமல் விடுவது, தகப்பனுக்கு வருத்தம் வந்ததால் தோட்ட வேலைக்கோ கடைக்கோ போவது, கண்பார்வை மங்கியது தெரியாமல் கடைசி வாங்கில் இருந்து கணக்கில் பின்தங்குவது என்று காரணங்கள் சிறியனவாகவே இருக்கின்றன. சிறியன என்பதால் இவை பெரும்பாலும் திட்டங்களின் பார்வைக்குத் தப்பிவிடுகின்றன. வகுப்பாசிரியருடைய கண்ணுக்கு மட்டுமே இவை தெரியும். அதனால்தான் உங்கள் துணைவியாரின் கொப்பியில் ‘கண்ணாடி’ என்ற சொல் இருக்கிறது.

இந்த ஓட்டைகளுள் என் அனுபவத்தில் மிகப் பெரியவை இரண்டு. முதலாவது, சாதாரண தரப் பரீட்சை முடிவதற்கும் உயர்தர வகுப்பில் காலூன்றுவதற்கும் இடைப்பட்ட காலம். இந்த மாதங்களில் பிள்ளை வேலைக்குப் போய்விட்டால், பெறுபேறு நன்றாக வந்தாலும் திரும்பி வருவது கடினம். தீவுப் பகுதிப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூர்மையானது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்குத் தரைவழி இல்லை. கணித, விஞ்ஞானப் பிரிவில் படிக்க விரும்பும் பிள்ளை பட்டினத்தில் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்க வேண்டியிருக்கும். இரண்டாவது, பல்கலைக்கழக அனுமதி கிடைத்த பின்னர் மகாபொலப் பணம் கைக்கு வரும் வரையான சில மாதங்கள். பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போகும் பிள்ளை, அறைக்கு முற்பணம் கட்டவும் முதல் இரண்டு மாதம் சாப்பிடவும் கடன் வாங்குகிறது. நகை அடகு வைக்கப்படுகிறது. உங்கள் தொகை பெரியதன்று. அதை இவ்விரண்டில் ஒன்றில் குவித்தால் ஒரு பிள்ளையின் பாதை உண்மையில் மாறும். கணித ஆசிரியையின் நினைவு என்பதாலும், கொப்பியில் உள்ளவர்கள் பாடசாலைப் பிள்ளைகள் என்பதாலும், தரம் 11 இல் தொடங்கி உயர்தரம் முடியும் வரை ஒரே பிள்ளையைத் தாங்கும் முறையையே நான் தெரிவு செய்வேன். ஆண்டுதோறும் புதிய ஒருவருக்கு ஒருமுறை கொடுப்பதிலும், ஒருவரை மூன்று ஆண்டுகள் கைவிடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆசிரியப் பணிக்கு நெருக்கமானது.

கொடுக்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நல்ல மனத்தோடு தொடங்கிய பல நிதிகள் பிழையாகிப்போவது இந்த இடத்தில்தான். எங்கள் ஊரின் கல்வி வரலாற்றிலேயே இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி என்ற உயர்கல்விக்கூடத்திலும் 1824 இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையிலும், அமெரிக்காவில் இருந்த ஒருவர் ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்றால் அவர் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை என்று நாம் மதிப்போடு சொல்லும் அறிஞர்களின் பெயர்களில் அந்த வழக்கத்தின் சுவடு இன்றும் இருக்கிறது. அவர்கள் பெற்ற கல்வி பெருங்கொடை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் கொடுப்பவரின் பெயர் வாங்குபவரின் பெயருக்கு முன்னால் போய் நின்றது. இன்று நாம் பெயரை மாற்றுவதில்லை. மேடையில் ஏற்றுகிறோம், அட்டையைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறோம், அந்தப் படத்தை முகநூலில் போடுகிறோம். பெயர் வேறு, செயல் ஏறத்தாழ அதுவே.

நான் பொறுப்பில் இருந்த ஒரு நிதியிலேயே இது நடந்தது. பாடசாலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பரிசளிப்பு விழாவில், ‘வறிய மாணவர்களுக்கான நினைவு உதவி’ என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, பத்தாம் தரத்து மாணவி ஒருத்தியை மேடைக்கு அழைத்தோம். அவள் வந்தாள். உறையை இரண்டு கைகளாலும் வாங்கினாள். படம் எடுப்பவர் நிமிர்ந்து பார்க்கச் சொன்னபோது உறையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டாள். படியில் இறங்கும்போதும் கை முன்னால் வரவில்லை. அடுத்த ஆண்டு அவளுடைய பெயரை மீண்டும் தெரிவு செய்தபோது, தனக்கு வேண்டாம் என்று வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டாள்; காரணம் கேட்டதற்கு, அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றாளாம். அக்காவுக்கு வேலை கிடைக்கவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று முதல் நான் சேர்ந்திருக்கும் எந்த நிதியிலும் மேடை கிடையாது; ‘வறிய’ என்ற சொல்லும் கிடையாது. பிள்ளையின் பெயரில், தாயோ பாதுகாவலரோ சேர்ந்து இயக்கும் சேமிப்புக் கணக்குக்கு மாதந்தோறும் பணம் போகிறது. ரீச்சர் கொப்பியைச் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். அந்த மறைவையும் நீங்கள் அவரிடமிருந்து பெற்ற விதியாகக் கொள்ள வேண்டும்.

இனிப் பணம். 1990களின் தொடக்கத்தில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் நினைவாக அவருடைய மாணவர்கள் 25,000 ரூபாவை நிலையான வைப்பில் இட்டார்கள். அக்காலத்தில் அதன் வட்டி ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்புச் செலவுக்கு ஏறத்தாழப் போதுமாக இருந்தது. வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் செலவழிக்க வேண்டும் என்று விதி எழுதினார்கள். முதல் அப்படியே இருந்தது, விலைவாசி இருக்கவில்லை. நான் கணக்கைப் பொறுப்பேற்றபோது அந்த வட்டிக்கு ஓர் அகராதியும் சில கொப்பிகளும்தான் வாங்க முடிந்தது. 2022 இல் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக உயர்ந்தது. நிலையான வைப்பு வட்டி 20 சதவீதத்தைக் கடந்தது உண்மை. ஆனால் அதைப் பெருவரவு என்று கருதி முழுவதையும் பகிர்ந்தளித்த நிதிகள், வட்டி இறங்கியபோது வெறுங்கையோடு நின்றன.

உங்கள் தொகையை வைத்தே கணக்குப் பார்ப்போம். வட்டி வீதம் ஆண்டுக்கு 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பத்து இலட்சத்துக்கு 80,000 ரூபா வரும். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதம் பிடித்துவைத்தல் வரியாகக் கழிக்கப்படுகிறது, மிச்சம் 72,000. அதில் காற்பங்கை, அதாவது 18,000 ரூபாவை, விலைவாசிக்கு ஈடாக முதலோடு சேர்த்துவிட வேண்டும். எஞ்சும் 54,000 ரூபா, ஒரு பிள்ளைக்கு மாதம் 4,500 ரூபா. இன்றைய நிலையில் இது ஒரு பிள்ளைக்குத்தான் போதும். பலருக்குப் பிரித்தால் எவருக்கும் பயன்படாது.

ஆனால் உங்களிடம் இன்னொன்று இருக்கிறது. அதை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். துணைவியாரின் சேவைக்காக வரும் தபுதாரர் ஓய்வூதியம். அது அவர் 32 ஆண்டுகள் வகுப்பில் நின்று உழைத்ததன் பயன். உங்கள் சொந்த ஓய்வூதியம் வீட்டுச் செலவுக்குப் போதுமென்றால், உங்கள் காலம் உள்ளவரை புலமைப்பரிசிலை அந்த ஓய்வூதியத்திலிருந்தே கொடுங்கள். பத்து இலட்சத்தைத் தொடாமல் வட்டியோடு வளரவிடுங்கள். மேலே சொன்ன வீதத்தில், வரி போக ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் அது இருபது இலட்சமாகும். தபுதாரர் ஓய்வூதியம் உங்களோடு நின்றுவிடும். அது நிற்கும் நாளில் வைப்பு தன் காலில் நிற்கத் தயாராக இருக்கும். பிள்ளைகள் அனுப்பும் பணத்தையும் முதலோடு சேருங்கள். ஆண்டுச் செலவை வெளிநாட்டுப் பணத்தில் தங்கியிருக்கச் செய்யாதீர்கள். அவர்கள் அன்புள்ளவர்கள் என்பதில் ஐயமில்லை, ஆனால் அவர்களுக்கும் குடும்பம், வீட்டுக்கடன், வேலை மாற்றம் எல்லாம் உண்டு. இங்கே பிள்ளை மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வைப்பை அரச வங்கியிலோ நன்கு நிலைபெற்ற வர்த்தக வங்கியிலோ வைத்திருங்கள். இரண்டு சதவீதம் கூடுதலாகத் தருகிறோம் என்று வரும் நிதிக் கம்பனிகளின் பக்கம் நினைவு நிதியைக் கொண்டுபோகக் கூடாது. இலங்கையின் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரைக்குமே பொருந்தும். ஆகவே முதல் அந்த எல்லையைத் தாண்டும்போது இரண்டு வங்கிகளாகப் பிரித்துவிடுங்கள், அல்லது ஒரு பகுதியை அரசாங்கத்தின் குறுங்காலக் கடன்பத்திரமான திறைசேரி உண்டியலில் இடுங்கள். மகன் இலண்டனில் இருப்பதால் இன்னொரு வழியும் உண்டு. உங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கு அங்கே பதிவுபெற்ற அறநிறுவனமாகக் கிளை இருந்தால், அதன் ஊடாக அவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் அந்நாட்டு அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். அதற்கு அவர் அங்கு போதிய வருமானவரி செலுத்துபவராக இருக்க வேண்டும். கனடாவிலும் வரிச்சலுகைப் பற்றுச்சீட்டு அங்குள்ள பதிவுபெற்ற அறநிறுவனத்தின் ஊடாகக் கொடுத்தால்தான் கிடைக்கும்; மகள் நேரே உங்கள் கணக்குக்கு அனுப்பும் பணத்துக்குக் கிடைக்காது.

சட்ட வடிவத்தைப் பொறுத்தவரை மூன்று வழிகள் உள்ளன. பாடசாலையின் கணக்கிலோ பழைய மாணவர் சங்கத்தின் கணக்கிலோ பணத்தை ஒப்படைப்பது எளிது. ஆனால் அதிபர் இடமாற்றம் பெறுவார், சங்கத்தின் நிர்வாகம் மாறும், உங்கள் நிதி பொதுக்கணக்கின் ஒரு வரியாகிவிடும். நீதியமைச்சின் கீழுள்ள பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைப்பது பாதுகாப்பானது. ஆனால் கொழும்பில் இருக்கும் அலுவலகம் ஒன்றுக்கு ஏழாலையிலோ அளவெட்டியிலோ ஒரு பிள்ளையின் சப்பாத்துக் கிழிந்திருப்பது தெரிய வராது. மூன்றாவது, 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஓர் அற நிதியத்தை உறுதி (சட்டப் பத்திரம்) எழுதி ஏற்படுத்துவது. வறுமையைத் தணிப்பதும் கல்வியை வளர்ப்பதும் அந்தச் சட்டத்திலேயே அறநோக்கங்களாகச் சொல்லப்பட்டுள்ளன. உங்களுக்கு உகந்தது இதுவே. நல்ல சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு நொத்தாரிசு முறையில் உறுதியை எழுதுவியுங்கள்.

பத்து இலட்சத்தோடு ஒரு காணியையும் சேர்க்கும் எண்ணம் வந்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை மறந்துவிடாதீர்கள். 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த அந்த வழமையும், 1911 இன் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் இன்றும் எங்கள் சொத்துகளை ஆள்கின்றன. ரீச்சரின் சீதனக் காணி அவர் காலமானதும் உங்கள் பிள்ளைகளுக்கு உரியதாகிவிடும். திருமணத்தின் பின் சேர்த்த சொத்தாகிய தேடிய தேட்டத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. பிள்ளைகள் இருவரும் கையொப்பமிடாமல் நீங்கள் தனியே அதை அறத்துக்கு எழுதிவைத்தால், ஒரு தலைமுறைக்குப் பின்னர் வழக்கு வரும். அறத்துக்கு எழுதிய காணிகள் பங்கு வழக்குகளில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். காணியைச் சேர்க்காமல் விடுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

உறுதியின் பிரதிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, மேலே நான் குறிப்பிட்ட 25,000 ரூபா நிதியின் விதிகள் எழுதிய தாள் அதிபர் அலுவலக மேசை இலாச்சிக்குள் ஒரேயொரு பிரதியாக இருந்தது. திரும்பி வந்தபோது மேசையும் இல்லை. வங்கியில் பணம் இருந்தது; அதை யாருக்கு, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. நினைவில் இருந்ததைக் கொண்டு மீண்டும் எழுதினோம். ஆகவே ஒரு பிரதி உங்களிடம், ஒன்று வங்கியில், ஒன்று பாடசாலையில், ஒன்று பிள்ளைகளிடம் இருக்கட்டும். துணைவியாரின் வாழ்க்கைக் குறிப்போடு அந்தியேட்டிக் கிரியையில் வெளியிட்ட கல்வெட்டு என்ற நினைவு மலர் உங்களிடம் இருக்கும். அதையும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். எங்கள் ஊரின் நினைவு மலர்களை அவர்கள் 2005 இல் தொடங்கிய பணியில் சேகரித்துப் பாதுகாத்து வருகிறார்கள்.

பொறுப்பாளர்களாக மூவரோ ஐவரோ போதும். உங்கள் குடும்பத்தில் ஒருவர், ரீச்சரிடம் படித்து இப்போது ஊரிலேயே ஆசிரியராகவோ அலுவலராகவோ இருக்கும் மாணவி ஒருவர், ஊருக்கு வெளியே இருந்து கணக்குத் தெரிந்த ஒருவர் என்று அமையலாம். ஊருக்கு வெளியே ஒருவர் வேண்டும் என்பதை வலியுறுத்துகிறேன். எங்கள் ஊர்களில் சொந்தம், சாதி, கோயில், ஒழுங்கை என்று ஆயிரம் இழைகள் இருக்கின்றன. தெரிவுக் குழுவில் எல்லோரும் ஒரே இழையில் இருந்தால், உண்மையில் தேவையுள்ள பிள்ளையின் பெயர் மேசைக்கே வராது. ஒருவர் விலகினால் அவருடைய இடத்துக்கு யார் வருவார் என்பதை உறுதியிலேயே எழுதிவிடுங்கள். ‘குடும்பத்தின் மூத்த மகன்’ என்று எழுதாதீர்கள். ‘ரீச்சரின் மாணவர்களுள் ஒருவர், அவருக்குப் பின் இந்த நிதியத்தால் படித்தவர்களுள் ஒருவர்’ என்று எழுதலாம். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் இந்த நிதியத்தால் படித்த பிள்ளையே அதன் கணக்கைப் பார்க்கும்.

தெரிவுக்கு விண்ணப்பப் படிவம் வேண்டாம் என்பேன். கிராம அலுவலரின் வருமானச் சான்றிதழ் தேவைப்படலாம்; ஆனால் அது முதற்படியாக இருக்கக் கூடாது. தரம் 11 வகுப்பாசிரியர்கள் ஒவ்வொருவரும் இரண்டு பெயர்களைத் தனித்தனியே எழுதித் தரட்டும். பொறுப்பாளர் ஒருவர், முடிந்தால் பெண் ஒருவர், அந்த வீடுகளுக்குப் போய்த் தாயோடு பேசட்டும். உறுதியில் நிபந்தனையாகப் புள்ளியை எழுதாமல் வரவை எழுதுங்கள்: பிள்ளை பாடசாலைக்கு ஒழுங்காக வர வேண்டும். புள்ளி குறைந்தால் உதவியை நிறுத்தும் விதி பல நிதிகளில் இருக்கிறது. அது எனக்கு என்றும் ஏற்புடையதாக இருந்ததில்லை. புள்ளி குறைகின்ற தவணையில்தான் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. நிறுத்துவதற்கு முன்னர் ஒருவர் போய்க் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். கணிதத்தில் பின்தங்கிய பிள்ளையை ரீச்சர் வகுப்பை விட்டு அனுப்பியிருக்க மாட்டார். மத்தியானத்தில் இருத்திச் சொல்லிக் கொடுத்திருப்பார்.

பெயரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பாடசாலைகளில் ஆசிரியைகள் ‘திருமதி’ என்ற அடைமொழியோடு கணவரின் பெயரால் அறியப்படுகிறார்கள். அழைப்பிதழிலும் நேரசூசியிலும் அப்படியே அச்சாகிறது. பிள்ளைகளுக்கு அவர் ‘மற்ஸ் ரீச்சர்’. அவருடைய சொந்தப் பெயர், தாய் தகப்பன் வைத்த பெயர், மாணவர் பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. நீங்கள் நிதியத்துக்குப் பெயர் வைக்கும்போது உங்கள் பெயரின் கீழ் அவரைச் சேர்க்காமல், வரவு இடாப்பில் அவர் கையொப்பமிட்ட அவருடைய சொந்தப் பெயரையே முதலில் வையுங்கள். 32 ஆண்டுகள் அவர் உங்கள் பெயரோடு நின்றார். இந்த ஓர் இடத்தில் அவர் பெயர் தனியே நிற்கட்டும். கணவராக நீங்கள் செய்யக்கூடிய மரியாதை இதைவிட வேறில்லை என்று மனமார நம்புகிறேன். உதவி பெறும் பிள்ளைக்கு முதல் மாதம் ஒரு பக்கக் குறிப்பு ஒன்றைக் கொடுங்கள்: அவர் எங்கே பிறந்தார், எங்கே படித்தார், எந்தெந்தப் பாடசாலைகளில் படிப்பித்தார், எப்படிப்பட்ட ஆசிரியை. படம் ஒன்றும் இருக்கட்டும். பட்டங்களின் நீண்ட வரிசை வேண்டாம்.

நாளைப் பொறுத்தவரை, திவசம் திதியைக் கொண்டு வருவதால் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பாடசாலைத் தவணை அந்தத் திதியைப் பார்த்து வருவதில்லை. திவசத்தை வீட்டில் முறைப்படி செய்யுங்கள், மகேசுவர பூசையும் செய்யுங்கள். உதவி தொடங்கும் மாதத்தை மட்டும் தரம் 11 தொடங்கும் தவணையோடு பொருத்திவிடுங்கள். இந்த ஆண்டுத் திவசத்துக்குள் உறுதி எழுதி முடிக்க வேண்டும் என்று அவசரப்பட வேண்டியதில்லை. ஓராண்டு கையால் கொடுத்துப் பார்த்து, எது சரியாக வருகிறது, எது வரவில்லை என்று கண்ட பின்னர் எழுதும் விதிகள் உறுதியாக இருக்கும்.

அதற்கு முன்னர் ஒரு வேலை இருக்கிறது. கொப்பியின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். ஓய்வுபெற்ற ஆண்டின் கடைசி மாதங்களில் எழுதிய பெயர்கள் அங்கே இருக்கும். அந்தப் பிள்ளைகளில் யாராவது அப்போது எட்டாம் தரத்திலோ ஒன்பதாம் தரத்திலோ இருந்திருந்தால், இப்போதும் பாடசாலையில் இருக்கக்கூடும். ரீச்சர் போன பின்னர் அந்தப் பெயருக்கு எதிரே யாரும் எதையும் எழுதவில்லை. கொப்பியை யாருக்கும் காட்டாமல், பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, ஒரு காலைநேரத்தில் பாடசாலைக்குப் போய் வகுப்பாசிரியரிடம் அந்தப் பிள்ளை வருகிறதா என்று கேளுங்கள். வருகிறதென்றால், உங்கள் முதலாவது புலமைப்பரிசிலுக்குத் தெரிவு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. வரவில்லையென்றால், வீடு எங்கே என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.